பழைய நம்பர்

"பழைய சிம்மு எங்கல?"

சிவகாமியம்மாள் கேட்டதற்கு மகன் ஜெயகுமார் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. தோசையைப் பிட்டுக்கொண்டே குப்பைக் கூடையைக் காட்டினான். உள்ளே சிம் இரண்டாக ஒடிந்து கிடந்தது.

"புதுக் கம்பெனிம்மா. வீட்டு நம்பருக்கெல்லாம் கால் ஃப்ரீ உண்டு. நம்பரும் புதுசு, பழைய நம்பர் இனி கிடையாது. அது சாரமில்ல, போனாப் போவுது..."

"சாரமில்லையா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம மாத்திட்டியே, பாவி!"

"நான்தான் மாத்தச் சொன்னேன்." சாலை பஜாரிலுள்ள கடைக்குக் கிளம்பிய கணவர் திரவியம் வாசலிலிருந்து திரும்பினார். "தினமும் விடியக்காலம் பேரில்லாத ஒரு நம்பர் அடிக்கி. நீயும் திருப்பி அடிக்கே. நான் பாக்கலேன்னு நெனச்சியா? கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டு மககிட்ட பேசுதியே... என் உயிரு உனக்கு அவ்வளவு லேசாப் போச்சா?"

"ஒரு வார்த்தை பேசலீங்க..."

"இன்னும் பொய்யா!" செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மகள் ஆதிரா வீட்டை மீறி நேசையனைக் கட்டிக்கொண்டு மார்த்தாண்டம் போன அன்று, 'இனி அவளிடம் பேசினால் என் கணவர் உயிர் போகட்டும்' என்று மனைவியிடம் அவர் வாங்கிய சத்தியம் அது. வாங்குகிறவருக்கு என்ன? வாங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். காக்கிறவள்தானே தவிக்க வேண்டும்?

அன்று படியிறங்கும்போது மகள் காதோடு சொன்னாள். "காலையில ஒரு ரிங் அடிப்பேன். எடுக்காத. நீயும் ஒரு ரிங் அடி. இருக்கோம்னு தெரிஞ்சாப் போதும்மா."

இப்போது அதுவும் போயிற்று! மகளின் எண் சிவகாமியம்மாளுக்கு மனப்பாடம் கிடையாது. வந்த எண்ணிலேயே பச்சைப் பட்டனை அழுத்திப் பழகியவள். புது சிம் போட்டதும் ஃபோனிலிருந்த எண்களெல்லாம் அழிந்திருந்தன. மார்த்தாண்டத்தில் எந்தத் தெரு என்றும் தெரியாது. விடிகாலையில் அந்த ஊமை ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சில நாள் கழித்து, வலியசாலைத் தெருவில், வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது.

"எம்மா...! என்னப் பெத்த எம்மா...!"

தலைவிரி கோலமாக ஓடி வந்த ஆதிரா, அடுக்களையிலிருந்து வெளிப்பட்ட தாயைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். கையில் ஓர் அரக்குப் புடவை. தாய் செத்தால் அவள் உடம்பின்மேல் மகள் போர்த்த வேண்டிய கோடிப் புடவை.

"நீ... இருக்கியாம்மா?"

"யாருட்டி உனக்கு இப்படிச் சொன்னது?" திரவியம் பதறி எழுந்தார்.

"யாரும் சொல்லலப்பா! செத்தாலும் எனக்குச் சொல்லிவிட மாட்டீங்களே! நாலு வருசமா ஒரு நாள் தப்பாம ரிங் வந்துச்சு. இப்ப அடிச்சா, நம்பரே உபயோகத்துல இல்லேங்கான். அம்மா போயிட்டாளோன்னு..."

"அப்போ... நீங்க பேசிக்கல்லியா?"

"பேசவா? அவ குரலே எனக்கு மறந்துபோச்சுப்பா! நான் ஒரு ரிங், அவ ஒரு ரிங். அவ்வளவுதான்!"

சிவகாமியம்மாள் மகளைக் கட்டிக்கொண்டு குலுங்கினாள். கண்ணீர் கொட்டியது. உதடுகள் மட்டும் இறுக மூடியிருந்தன. அப்போதும் அவள் பேசவில்லை.

திரவியத்தால் அதைப் பார்க்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"பேசு சிவகாமி... நான் சொல்லுதேன். என் உயிருக்கு ஒண்ணும் வராது... பேசு!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மகளின் கையிலிருந்த கோடியை வாங்கிப் பிரித்தாள்.

"நல்லாத்தான் எடுத்திருக்கே மக்கா," என்றாள். "இப்பவே கட்டிவிடு. நான் உயிரோட பாக்கணும்லா."