மூடி திறக்காத மூக்கு

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாயுநோக்கி வெளிச்சுவரில் பல்லியைப் போல ஊர்ந்து நூற்றுப் பதினான்காவது மாடிக்கு ஏறி வரும். தாழ்வார ஜன்னல் வழியாக உள்ளே இறங்கி, பின்னங்கால்களில் ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நின்று, வீடு வீடாக மணியை அடிக்கும். வாயுநோக்கி என்பது நகர எரிவளி வாரியம் வைத்த பெயர். குடியிருப்பில் எல்லாருக்கும் அது 'கேஸ்காரர்'தான்.

அடையாறு கடலில் சேரும் இடத்தில் எழும்பியிருந்த அந்தக் கோபுரத்தில் முப்பதாயிரம் பேர் வசித்தார்கள். அத்தனை பேரின் கழிவும் அடித்தளத் தொட்டியில் நொதித்து, எரிவளியாக மாறி, குழாயேறி அவர்களுடைய அடுப்புக்கே திரும்பி வந்தது. பழைய நாளில் எரிவளி கசிந்தால் தெரியட்டும் என்று அதில் ஒரு நாற்றத்தைக் கலப்பார்கள். வாயுநோக்கிகள் வந்ததும் வாரியம் அதை நிறுத்திவிட்டது. எட்டாயிரம் நுண்ணுணரிகள் பதித்த மூக்கு இயந்திரத்துக்கு இருக்கிறது. மனிதன் எதற்கு முகர வேண்டும்? இத்தனை மாறியும் ஒன்று மட்டும் மாறவில்லை. சுவர்க் குழாயிலிருந்து அடுப்பு வரைக்குமான கடைசி ஒரு மீட்டர் இன்னமும் ரப்பர் டியூப்தான். அடுப்பை நகர்த்தித் துடைக்க வேண்டுமே!

அந்த ஒரு மீட்டரில்தான் குணசீலி போனாள்.

போன நவம்பரில் ஒரு காலை. அவள் கணவர் மாசிலாமணி சவரம் செய்துகொள்ள எழுபதாவது மாடிக்கு இறங்கியிருந்தார். குணசீலி தோசைக்கல்லை அடுப்பில் வைத்துப் பற்றவைத்தாள். சமையலறையே பற்றிக்கொண்டது. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அவர் மேலே ஓடி வந்தபோது தாழ்வாரத்தில் தீயணைத்த தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது.

மூன்றாம் நாள் வாரியத்திலிருந்து ஆணை வந்தது. காரணம்: பயனாளர் அலட்சியம்.

இரண்டே வார்த்தை. அலட்சியமா? நாற்பத்தொரு வருஷம் படுக்கப் போகுமுன் வால்வை மூடி, மூடினேனா என்று எழுந்து வந்து இன்னொரு தடவை பார்த்தவளா அலட்சியக்காரி? மாசிலாமணி அழுவதைத் தள்ளி வைத்துவிட்டு மனு எழுத உட்கார்ந்தார். எட்டு மாதத்தில் ஏழு மனு. நஷ்ட ஈடு எதிலும் கேட்கவில்லை. அந்த இரண்டு வார்த்தையை அவள் பெயருக்கு எதிரிலிருந்து நீக்க வேண்டும், அவ்வளவுதான். ஏழாவது மனுவுக்குத்தான் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

விசாரணை அதிகாரி தில்ஷாத் ஐம்பது வயதுப் பெண்மணி, களைத்த கண்கள். அவருக்குப் பக்கத்தில், மேஜை விளக்கைப் போல வளைந்த கழுத்தோடு எழுத்தர் இயந்திரம் ஒன்று.

"உட்காருங்க சார். தண்ணி குடிக்கிறீங்களா?"

"தண்ணி குடிக்க வரலை மேடம். என் வீட்டுக்கு வந்த உங்க இயந்திரம் நாலு வருஷத்துல எத்தனை தடவை மூக்கைத் திறந்துச்சு? அதைச் சொல்லுங்க."

தில்ஷாத் திரையைப் பார்த்தார். வாயுநோக்கியின் மூக்குக்கு ஒரு மூடி உண்டு. சமையலறைக்குள் போய்த்தான் அதைத் திறக்கும். ஒவ்வொரு தடவையும் பதிவாகும்.

"வந்தது நாற்பத்தெட்டு தடவை. மூடி திறந்தது..." அவர் குரல் இறங்கியது. "ஒரு தடவைகூட இல்லை."

"எட்டாயிரம் நுண்ணுணரி!" மாசிலாமணி மேஜையில் தட்டினார். "என் வீட்டு வாசப்படியில நின்னு எதை முகர்ந்துச்சு? என் செருப்பையா? அந்த ஓட்டை இயந்திரத்தை விட்டுட்டு, செத்துப் போனவ மேல பழி போட்டிருக்கீங்களே, நீங்கல்லாம் சோத்துல உப்புப் போட்டுத்தானே சாப்பிடுறீங்க?"

"இயந்திரத்துல ஓட்டை எதுவும் இல்லை சார். பிரிச்சே பார்த்துட்டோம். கத்துக்குடுத்ததைத்தான் செஞ்சிருக்கு."

"யாரு கத்துக்குடுத்தா இந்த லட்சணத்தை?"

தில்ஷாத் விளக்கிச் சொன்னார். வாயுநோக்கி பார்த்துக் கற்கிற இயந்திரம். அந்தக் காலத்து மனித ஆய்வாளர்கள் சட்டையில் மாட்டியிருந்த காமிராக்களின் பதிவுகள் ஒன்பது லட்சம் வாரியத்தின் கிடங்கில் இருந்தன. ஆய்வு என்றால் இதுதான் என்று அவற்றை அப்படியே அதற்குக் காட்டினார்கள். காட்டுவதற்கு முன்னால் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. ஒன்பது லட்சத்திலும் ஏறக்குறைய ஒரே காட்சி. மணி அடிப்பார். கதவு திறக்கும். 'அடுப்பு நல்லா எரியுதா?' என்பார். 'எரியுது.' 'இங்க ஒரு கையெழுத்து.' நாற்பது விநாடி. அடுத்த கதவு.

"தீபாவளிக்கு முந்தின மாசம் மட்டும் கொஞ்ச நேரம் நின்னிருக்காங்க," என்றார் தில்ஷாத். "தலையைச் சொறிஞ்சுக்கிட்டு."

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. வருஷா வருஷம் தீபாவளி நெருங்கும்போது அந்த உலோகப் பிராணியும் தலையைச் சொறிந்துகொண்டு வாசலில் நிற்கும். முடி இல்லாத தலை. கிர்ர் கிர்ரென்று சத்தம் வரும். எதற்கென்று அதற்கும் தெரியாது. குணசீலி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். "பாவங்க, அதுக்கு ஏதாவது குடுத்து அனுப்புங்க!"

"கேலிக்கூத்து," என்றார் அவர். "திருட்டு வேலை பார்த்தவன் ஒருத்தன். அதைப் பாடமா வச்சவன் இன்னொருத்தன். பழி என் பொண்டாட்டிக்கா?"

"அவங்க மேல பழி இல்லைன்னு காட்ட ஒரு பதிவு இருக்கு சார்," என்றார் தில்ஷாத். "அக்டோபர் மாசத்தது. கடைசியா வந்த தடவை. போடட்டுமா? யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? போடுங்க!"

திரையில் அவர் வீட்டு வாசல். கதவைத் திறப்பது அவரேதான். பனியன், லுங்கி. கண் கையிலிருந்த செய்தித் தகட்டில், நிமிரவேயில்லை.

'அடுப்பு நல்லா எரியுதா?' என்கிறது இயந்திரம், தலையைச் சொறிந்தபடி.

'எரியுது, எரியுது.'

உள்ளிருந்து குணசீலியின் குரல். எட்டு மாதத்துக்குப் பின் அவர் கேட்கும் குரல். கூடவே தாளிக்கிற சத்தமும் வந்தது. 'என்னங்க, கேஸ்காரரா? அந்த ரப்பர் டியூப் விறைச்சுப் போய் வெடிப்பு விட்டிருக்கு. உள்ள வந்து பார்க்கச் சொல்லுங்க.'

'எல்லாம் நல்லாத்தான் இருக்கு, நீ சும்மா இரு,' என்கிறார் திரையிலிருந்த மாசிலாமணி, தகட்டைப் பார்த்தபடியே. இயந்திரம் உள்ளங்கையை நீட்டுகிறது. அதில் எழுத்து ஒளிர்கிறது: குழாய், வால்வு, டியூப் என் முன்னிலையில் ஆய்வு செய்யப்பட்டன. அவர் கட்டைவிரலை வைக்கிறார்.

திரை அணைந்தது.

"நாற்பத்தெட்டு தடவையும் நீங்கதான் விரல் வச்சிருக்கீங்க," என்றார் தில்ஷாத் மெதுவாக. குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. "என் வீட்லயும் அப்படித்தான் சார். அது என்ன எழுதியிருக்குன்னு நானும் படிச்சதில்லை."

மாசிலாமணி தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாதமாக உள்ளே எரிந்துகொண்டிருந்த கோபம் போவதற்கு இடம் தெரியாமல் நின்றது.

"அவ சொன்னா," என்றார் கடைசியில். "அவ பார்த்துச் சொன்னா. அது பதிவாயிருக்கு. அவ மேல தப்பில்லைன்னு எழுதுங்க. என் பேரை வேணும்னா போட்டுக்குங்க."

தில்ஷாத் எழுத்தரின் பக்கம் திரும்பினார். "திருத்திய ஆணை. 'பயனாளர் அலட்சியம்' என்பதை நீக்கு. காலஞ்சென்ற குணசீலி முறைப்படி எச்சரித்தும் ஆய்வு நடைபெறவில்லை என்று எழுது."

எழுத்தர் கழுத்தை ஆட்டியது. ஒரே நொடியில் தாளை நீட்டியது. இத்தனை வேகமா என்று யாரும் வியக்கவில்லை. அதுவும் பார்த்துக் கற்ற இயந்திரம்தான். பழைய குமாஸ்தாக்களின் நாற்பது வருஷக் கோப்புகள் அதன் பாடம். தில்ஷாத் அடுத்த மனுதாரரை வரச் சொல்லிக்கொண்டே கையெழுத்திட்டார். மாசிலாமணி, கண் நிறைந்து எழுத்துகள் கலங்கிய நிலையில், அதிகாரி விரலால் காட்டிய இடத்தில் கட்டைவிரலை வைத்தார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

வீடு போய்ச் சேர மின்தூக்கியில் நூற்றுப் பதினான்கு மாடி ஏற வேண்டும். அறுபதாவது மாடி தாண்டியபோது அவள் பெயரைப் பார்க்க ஆசையாக இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பிரித்தார்.

பழைய ஆணைதான். ஒரு எழுத்து மாறவில்லை. தேதி மட்டும் புதிது.

காரணம்: பயனாளர் அலட்சியம். மேற்கண்டதை முழுமையாகப் படித்துப் பார்த்து ஒப்புக்கொள்கிறேன். இனி மேல்முறையீடு இல்லை.

அதற்குக் கீழே அவருடைய கட்டைவிரல் ரேகை, கோடு கோடாக, தெளிவாக. அதன் மேலே அதிகாரியின் கையெழுத்து. ஓரத்தில் எழுத்தரின் நீல முத்திரை: சரிபார்க்கப்பட்டது.