இஞ்சி மிட்டாய் தரும் கதவு

விண்வெளிச் சக்கர நகரில் யாரும் யாரையும் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் திரும்ப வேண்டும். சட்டென்று திரும்பினால் தலை சுற்றும். கால்கள் தரையில் ஊன்றட்டும் என்று நகரமே ஓயாமல் சுழல்கிறது. அந்தச் சுழற்சியில் தலையைத் திருப்பினால் காதுக்குள் இருக்கும் வளைகுழாய்களில் நீர் தாறுமாறாக அசைந்து மூளையைக் குழப்பும். அசையாமல் படுத்தால் அடங்கிவிடும். புதிதாக வருபவர்களுக்கு இதை விளக்கி, நடக்கப் பழக்குவதுதான் பிலோமினாவின் வேலை. எத்தனை முறை சொன்னாலும் அவளுக்கு அலுக்காது.

இன்று காலை அவள் கணவன் ஞானசெல்வம் அசையாமல் கிடந்தும் சுற்றல் அடங்கவில்லை. காபி டம்ளர் வலக்கையிலிருந்து நழுவியது. அவள் முகம் இரண்டாகத் தெரிகிறது என்று குழறினான்.

சக்கர நாற்காலியில் வைத்து மருத்துவக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு ஓடினாள். வாசலில் ‘கேட்பான்’, நோயைக் கேட்டுத் திறக்கும் கதவு.

"என்ன செய்கிறது?"

"தலை சுத்துதுங்கறாரு, கூடவே..."

கதவின் தட்டில் ஒரு இஞ்சி மிட்டாய் விழுந்தது. "படுத்து ஓய்வெடுங்கள்."

"முழுசாக் கேளு, சனியனே!"

கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பணியாளன் தாமோதரன் சிரித்தான். "அக்கா, இங்க யாருக்குத்தான் சுத்தல? எனக்கே காலையிலேர்ந்து சுத்துது."

"உனக்குக் காதுல கோளாறுடா. இவருக்கு மூளைக்கு ரத்தம் போகல. கை விழுது, வாய் குழறுது, ரெண்டு ரெண்டாத் தெரியுது. இங்கயே சாகட்டும்னு விடுறியா?"

அவன் சிரிப்பு நின்றது. "தலைசுத்தலை நோய்க் கணக்குலேர்ந்து எடுத்துட்டாங்கக்கா. அதைச் சொன்னா கதவு அப்புறம் எதுவும் கேக்காது. உள்ளேர்ந்து என்னாலயும் திறக்க முடியாது."

பிலோமினா பல்லைக் கடித்தபடி கதவின் முன் மறுபடி நின்றாள். "வலக்கை திடீர்னு விழுந்துடுச்சு. பேச்சு குழறுது." சுற்றலைப் பற்றி மூச்சுவிடவில்லை.

கதவு திறந்தது.

மூளை நாளத்தில் அடைத்திருந்த ரத்தக்கட்டியை மருத்துவர் மருந்தால் கரைத்தார். "கொஞ்சம் பிந்தியிருந்தா ஆளே இல்லம்மா," என்றார்.

அவள் வெளியே வந்தபோது, கன்னத்தில் மிட்டாயை ஒதுக்கியபடி ஒருவன் சுவரைப் பிடித்துப் பிடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்தான். நேராக நிற்க முடியவில்லை.

"என்னய்யா செய்யுது?"

அவன் சொன்னது புரியவில்லை.

"மிட்டாயைத் துப்பு!"

துப்பினான்.

"இப்பச் சொல்லு."

மீண்டும் குழறல்தான்.

பிலோமினா சட்டென்று கதவின் பக்கம் திரும்பினாள். தலை சுற்றியது. சுற்றட்டும் என்று ஓங்கி உதைத்தாள்.