அம்மா எழுதிய எடை

அப்பா ரொட்டி நறுக்கினார். ஒவ்வொரு துண்டின் மேலும் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்தார். நடுவில் மெழுகுத்தாள் போட்டு இரண்டு டப்பாக்களில் அடுக்கினார். ஃபிளாஸ்க்கில் கோகோ ஊற்றினார். மணி எட்டு. நார்வேயின் ஜனவரியில் அப்போதும் வெளியே இருட்டுதான். அக்டோபரில் அம்மா இறந்ததிலிருந்து காலைகள் இப்படித்தான் போகின்றன.

இன்று பள்ளியில் பனிச்சறுக்கு நாள்.

பத்து வயது சுன்னிவாவின் பழைய சறுக்குப் பலகைகள் இந்த வருடம் தம்பி ஐரிக்குக்கு வந்திருந்தன. அவனுக்கு ஏழு வயது. நடையிலேயே அவற்றை மாட்டிக்கொண்டு நின்றான்.

"நான் ரெடி!"

"வாசல்லயே விழுந்து வைக்காதடா," என்று குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பலகையின் ஓரத்தில் வெள்ளை நாடா. அதில் அம்மாவின் கையெழுத்து: 'சுன்னிவா, 28 கிலோ.'

முதல் பனி விழுந்ததும் அம்மா இருவரையும் தராசில் ஏற்றுவார். அந்த எடைக்கு ஏற்ப, பூட்ஸைப் பற்றும் பிடிகளைக் கடையில் கொடுத்துத் திருகி வாங்கி வருவார். விழுந்தால் பிடி காலை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் எலும்பு முறியும்.

இந்த வருடம் யாரும் தராசை எடுக்கவில்லை.

சுன்னிவா எடுத்துவந்து, பலகையும் பூட்ஸும் இல்லாமல் ஐரிக்கை அதில் ஏற்றினாள்.

"இருபத்தொண்ணு."

"பூட்ஸோட நின்னா இன்னும் வரும்!"

"அப்பா, இந்தப் பிடி இவனுக்கு ரொம்ப இறுக்கம். மாத்தணும்."

அப்பா நிமிரவில்லை. "அம்மா வச்சது. அப்படியே இருக்கட்டும்."

"அம்மா எனக்கு வச்சதுப்பா. நான் எட்டு வயசுல இருந்தப்போ."

"பஸ் வந்துடும். கிளம்புங்க."

ஐரிக் பலகைகளைத் தூக்கப் போனதும் சுன்னிவா அவற்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிக்கா! என் பஸ்!"

"என் பஸ்ஸும்தான். வேணும்னா என்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போ."

தெருவில் பஸ் வந்தது. நின்றது. போய்விட்டது. ஐரிக் அழுதான். அப்பா நாடாவை வெகுநேரம் பார்த்தார். பிறகு கார்ச் சாவியை எடுத்தார்.

பனிச்சறுக்குச் சரிவின் அடிவாரத்தில் பலகை வாடகைக் கடை இருந்தது. கடைக்காரர் திருப்புளியை எடுத்தார்.

"எடை எவ்வளவு?"

"முப்பது!" என்றான் ஐரிக்.

"இருபத்தொண்ணு," என்றாள் சுன்னிவா.

கடைக்காரர் பிடிகளைத் திருகி, சோதித்துப் பார்த்தார். பழைய நாடாவை உரிக்கப் போனார்.

"அது இருக்கட்டும்," என்றார் அப்பா.

சுன்னிவா பேனா வாங்கி, அம்மாவின் எழுத்துக்குக் கீழே எழுதினாள்: 'ஐரிக், 21 கிலோ.'

மூன்றாவது சறுக்கலில் ஐரிக் குப்புற விழுந்தான். பலகை கழன்று தனியாக ஓடிப் பனியில் குத்தி நின்றது. அவன் எழுந்து, அதைத் திட்டிக்கொண்டே நொண்டாமல் நடந்தான்.

அப்பாவின் கையில் கோகோ ஆறிப்போயிருந்தது.

"அப்பா, அம்மா கடைசியா 'தைரியமா இருங்க'ன்னு சொன்னாங்களாமே? அத்தை சொன்னாங்க."

"அது அத்தையா சொல்லிக்கிட்டது."

"அப்போ என்ன சொன்னாங்க?"

அப்பா ஐரிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் மறக்கல சுன்னிவா. தராசைத் தொட முடியல, அவ்வளவுதான்."

"என்னப்பா சொன்னாங்க?"

"'பனி விழுந்ததும் ஐரிக்கைத் தராசுல ஏத்திடு. எடையைக் கூட்டித்தான் சொல்லுவான், முள்ளை நீயே பாரு.'"