தரையில் தேங்கிய வாசனை

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிந்தபோதுதான் ஃபோர்மனுக்கு அந்த வாசனை வந்தது. நிமிர்ந்தார், இல்லை. மறுபடி குனிந்தார், இருந்தது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு, அழுகப்போகும் பழத்தின் தித்திப்போடு, தொண்டையில் சில்லென்று இறங்கும் வாசனை.

பட்டறையில் இரும்புச் சாமான்களின் கிரீசைக் கழுவும் திரவம் அது. ட்ரைகுளோரோஎத்திலீன் என்று முழுப்பேரையும் சொல்வதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதால் எல்லோருக்கும் அது ‘ட்ரை’. அதன் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது, தண்ணீர் மாதிரி பள்ளம் தேடிப் படுத்துக்கொள்ளும். மூச்சில் ஏறினால் முதலில் போதையும் சிரிப்பும், பிறகு மயக்கம், பிறகு சாவு.

“ஏதாவது வாடை வருதா?”

தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி மூக்கை உறிஞ்சினாள். “உங்க சட்டையா இருக்கும். கழட்டிப் போட்டுட்டுக் குளிங்க.” அடுத்த துணியை எடுத்துக்கொண்டே, “என் தம்பி சட்டையிலயும் இப்படித்தான் வரும்,” என்றாள்.

அவர் குளித்தார். சோப்பு மணத்துக்கு அடியிலும் அந்தத் தித்திப்பு கிடந்தது. தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வாசனை இப்போது மடிவரை வந்திருந்தது.

அன்று பட்டறையில் கழுவும் தொட்டியின் அடிக்கசடை வழிக்க மச்சினனை உள்ளே இறக்கியது அவர்தான். ஆவியை இழுக்கும் விசிறி கடகடவென்று கத்திக்கொண்டிருந்தது. முதலாளி போனில் இருந்தார். அவருக்குச் சத்தம் இடைஞ்சலாக இருக்குமென்று ஃபோர்மன் விசிறியை நிறுத்தினார். “ரெண்டு நிமிஷ வேலைடா மாப்ள. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எறங்கு.” கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்து முதுகைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பு எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியாது. விசிறியை மறுபடி ஓடவிட்ட பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டார்.

“என்கிட்ட சொல்லாமலே எறங்கிட்டான்,” என்று மனைவியிடம் சொன்னார். அவள் நம்பினாள். “அவனுக்கு எப்பவும் எதுலயும் அவசரம்,” என்று செத்தவனையே திட்டித் திட்டி அழுதாள்.

இப்போது அவள் சிரித்தாள்.

“என்ன?”

“ஒண்ணுமில்லீங்க. தலை லேசா மெதக்குது.” மடித்த சேலையைப் பிரித்து மறுபடி மடித்தாள். மறுபடி பிரித்தாள். பக்கத்தில் குழந்தை ஒரு கரண்டியைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

அவர் ஜன்னல்களைத் திறந்தார். காற்று வந்தது. வாசனை அசையவில்லை.

“எந்திரி! சமையல் கேஸ் லீக்காகுது, வெளிய போகலாம்!”

“பொய்,” என்றாள் அவள், நாக்குக் குழற. “தம்பி சொல்றான். நீங்க பொய் சொல்றீங்களாம்.”

சிரித்துக்கொண்டே பக்கவாட்டில் சாய்ந்தாள். சிரிப்பு நின்றது. இந்தத் தடவை அது நின்றது அவர் காதில் விழுந்தது.

குழந்தையை அள்ளினார். மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார். அவள் நகரவில்லை. கதவுக்கு ஓடினார். கை பட்டது கதவில் அல்ல. வழவழப்பான, குளிர்ந்த இரும்பில்.

திரும்பினார். அங்கும் அதே தொட்டி இரும்பு.

வாசனை இடுப்புக்கு ஏறியது. நெஞ்சு. கழுத்து.

குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். வாயை இறுக மூடிக்கொண்டார். கத்தினால் மூச்சு போய்விடும்.

குழந்தை அவர் தோளுக்குப் பின்னால் கீழே எட்டிப் பார்த்தது. முகம் மலர்ந்தது.

“மாமா!”

அதன் பிஞ்சுக் கால் அவர் கண்ணுக்கு நேரே தொங்கியது. கணுக்காலைச் சுற்றி, எண்ணெய்ப்பசை அத்தனையும் உறிஞ்சப்பட்டு, வெள்ளை வெளேரென்று உலர்ந்த ஐந்து விரல் தடம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த விரல்கள் இறுகின.