இடப்பக்கத்துக்காரி

மலருக்குத் தொண்டை கட்டினால் சுக்குக் காப்பி எனக்கு வேண்டியிருக்கும். எனக்குப் பல் கூசினால் அவள் ஐஸ் மோரைத் தள்ளி வைத்துவிடுவாள். பரணிக்கரை மகளிர் கல்லூரி விடுதியில் இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. மெஸ் அக்கா எனக்கு முதல் தோசையைத் தட்டில் போடும்போதே மலர் சாப்பிட்டாளா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த மாவைக் கல்லில் ஊற்றுவாள். மலர் சாப்பிட்டிருந்தால் எனக்குப் பாதி வயிறு நிறைந்திருக்கும்.

பயிற்சி விடியும் முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறிச் சங்கு ஊதிவிட்டால் அனலுக்காக ஊரடங்கு. அப்புறம் மாலை வரை தெருவில் காக்காயைக்கூடப் பார்க்க முடியாது. அதனால் இருட்டோடு இருட்டாகக் கூரை மைதானத்தில் கபடி ஆட இறங்குவோம். நான் இடது கவர். எனக்கும் இடப்பக்கம், கோட்டோரத்துக் கார்னரில் ஜெபமலர். எதிரணிக்காரி பாடிக்கொண்டு வரும்போது நாங்கள் இருவரும் கைகோத்து நிற்போம். அவள் கால் வைக்கப்போகும் இடத்தை மலர் பார்த்தால் போதும், என் முழங்கால் தானாக மடங்கும். மலர் கணுக்காலைப் பிடிப்பதும் நான் இடுப்பில் பாய்வதும் ஒரே மூச்சில் நடந்து முடிந்திருக்கும். எங்கள் இடது ஓரத்துக்குப் பாட வந்தவள் யாரும் திரும்பிப் போய்க் கோட்டைத் தொட்டதில்லை என்று கல்லூரியில் சொல்லிக்கொள்வார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனாலும் கேட்க நன்றாக இருக்கும்.

எல்லாம் பிடரியில் பொட்டளவு இருக்கிற ஒரு கணுவின் வேலை. புத்தகத்தில் அதற்கு இணைநரம்பு என்று பெயர். எங்கள் வாயில் வெறும் லிங்க். முதலாண்டில் ஜோடி சேர்த்து, இருவருக்கும் ஒரே நாளில் பொருத்திவிடுவார்கள். எண்ணம் கடக்காது, உடல் மட்டும் கடக்கும் என்று பொருத்திய டாக்டர் விளக்கினார். நான் மனதுக்குள் யாரைத் திட்டுகிறேன் என்பது மலருக்குத் தெரியாது. திட்டும்போது என் தாடை இறுகுவது தெரியும். பசி, வலி, தள்ளாட்டம், அடிவயிற்றுப் பயம் எல்லாம் போய் வரும்.

பயிற்சி முடிந்ததும் கணுவை அணைத்துவிட வேண்டும் என்பது விதி. மற்ற கல்லூரிகள் அணைக்கின்றன. நாங்கள் அணைப்பதில்லை. தூக்கத்திலும் லீவிலும் திறந்தே கிடந்தால்தான் பிடி இறுகும் என்பது எங்கள் சீனியர்கள் ஜூனியர்களின் காதில் ஓதிவிட்டுப் போன வழக்கம். கோப்பைகள் வந்துகொண்டிருந்ததால் யாரும் கேள்வி கேட்கவில்லை. பொங்கலுக்கு நான் ஆறுமுகநேரியில் கரும்பு கடித்தால் நாசரேத்தில் உட்கார்ந்திருக்கும் மலருக்குத் தாடை வலிக்கும். அதைப் போனில் சொல்லிச் சிரிப்போம்.

இந்தச் சித்திரையில்தான் வினை தொடங்கியது. எங்கள் இருவர் கால்களிலும் ஓர் இருப்புக் கொள்ளாமை வந்து புகுந்தது. படுத்தால் பாதம் குறுகுறுக்கும். நிற்கும்போது குதிகால் தரையில் பதியாது. நெஞ்சில் மூச்சு அடைபட்டு வெளியே போக வழி தேடும். இது மலருடையது என்று எனக்கு உடனே தெரிந்தது. ஏனென்றால் நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. போட்ட இடத்தில் கிடக்கும் அம்மிக்கல் என்று என் அம்மாவே என்னைச் சொல்வாள். இந்தக் கல்லூரிச் சோறு, இந்த மைதானம், இந்தக் கவர் இடம், இதற்கு மேல் எனக்கு எதுவும் தேவையில்லை.

ஒரு நாள் துணி காயப்போடும்போது மலர் விஷயத்தைச் சொன்னாள். ஓசூர்க் கல்லூரிக்கு மாறிப்போக மனுக் கொடுத்துவிட்டாளாம். இங்கே கார்னர் என்றால் கடைசி வரை கார்னர்தான். அங்கே எல்லாரையும் பாட விடுகிறார்களாம். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அவளுக்கும் அதே நொடியில் கரைத்திருக்கும், கையிலிருந்த துணியை நழுவ விட்டாள்.

"ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலட்டி கனி," என்றாள். "போகணும்னு இருக்கு. ராத்திரி படுத்தா காலு எந்திரிச்சு ஓடுது. எனக்குப் பசிக்கா, ஒனக்குப் பசிக்கான்னே தெரியாம எத்தனை நாளு இருக்கது?"

நான் அவளைத் துரோகி என்றேன். இக்கரைக்கு அக்கரை பச்சை, ஓசூரில் என்ன தேனும் பாலுமா ஓடுகிறது என்றேன். இன்னும் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். திட்டத் திட்ட அவளுக்கு வலித்தது, அந்த வலி எனக்கே திரும்பி வந்தது. இப்படிச் சண்டை போடுவதில் ஒரு லாபமும் இல்லை.

சட்டம் அவள் பக்கம் இருந்தது. ஒரு காலத்தில் சேர்த்த கல்லூரி விட்டால்தான் விளையாட்டு மாணவிக்கு வெளியே போக வழி. பிறகு யாரோ ஒருத்தி வழக்குப் போட்டாள். பேராசிரியர் மாறலாம், முதல்வர் மாறலாம், கேன்டீன் காண்டிராக்ட் வருடா வருடம் மாறலாம், விளையாடுகிறவள் மட்டும் வேர் விட்டு நிற்க வேண்டுமா என்று நீதிமன்றம் கேட்டது. அன்றிலிருந்து போகிறவளை யாரும் தடுக்க முடியாது. ஒரே ஒரு நிபந்தனைதான், போக வேண்டும் என்கிற விருப்பம் அவளுடையதாக இருக்க வேண்டும். அதை அறிய ஜோடி இருவரின் கணுக்களையும் அணைத்து, தனித்தனி அறையில் ஒரு பகல் முழுக்க உட்கார வைத்து, பிறகு கேட்பார்கள். விருப்பச் சோதனை என்று அதற்குப் பெயர். பெரும்பாலும் சடங்குதான் என்று எல்லாரும் சொன்னார்கள்.

போகிறவளுக்கு ஒன்றும் ஆகாது. புதுக் கல்லூரி அவளுக்கென்று ஒரு ஜோடியைத் தயாராக வைத்திருக்கும், போன அன்றே பொருத்திவிடும். மிச்சமாக நிற்கிறவள் பாடுதான் திண்டாட்டம். இங்கே எல்லாரும் ஏற்கெனவே ஜோடி சேர்ந்தவர்கள். அடுத்த சேர்க்கையில் புதிதாக ஒருத்தி வந்து, அவளோடு கணுப் பொருத்த ஒரு வருடமாவது ஆகும். அதுவரை உடல் ஜோடி இருந்த பக்கமாகவே சாயும், பக்கச்சரிவு என்பார்கள். எங்களுக்கு முன்னால் இருந்த ராஜத்தின் ஜோடி மாறிப்போனபோது ராஜம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் டம்ளரை வாய்க்குப் பக்கத்தில் காற்றில் கொண்டுபோய்ச் சாய்ப்பாள். பிறகு அவள் கபடி ஆடவே இல்லை. அணைத்து அணைத்துப் பழகிய மற்ற கல்லூரிகளில் இந்தச் சரிவு ஒரு வாரத்தில் தீர்ந்துவிடுமாம். எங்கள் பெருமை எங்களுக்கே வைத்த ஆப்பு அது.

எங்கள் கோச் இசக்கி மேடம் மலரிடம் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. என்னைத்தான் கூப்பிட்டு, சோதனைக்குப் போகும்போது கைத்தடி எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போறவளுக்குச் சட்டம் இருக்கு," என்றார். "நிக்கவளுக்கு என்ன இருக்கு? நீ சொல்லு பாப்போம்."

 அன்று முதல் பயம் என் கூடவே நடந்தது. மாடிப்படி இறங்கும்போது எண்ணம் அங்கேதான் போகும், இந்தப் படியில் மலர் இல்லாமல் நான் எப்படி இறங்குவேன் என்று. என் பயம் அவளுக்குப் போகும், அவள் குற்றவுணர்வில் அவள் வயிறு இறுகும், அது எனக்கு வரும். இருவரும் இளைத்துப் போனோம்.

சோதனை பாளையங்கோட்டையில், இடமாற்ற மன்றத்தில். நடுவர் மரகதவல்லி என்கிற நடுத்தர வயது அம்மாள். எங்கள் கணுக்கள் எப்போதும் திறந்தே இருந்தவை என்று தெரிந்ததும் கண்ணாடியைக் கழற்றி எங்களை ஒரு முறை பார்த்தார். திட்டவில்லை. உதவியாளர் முதலில் மலரின் பிடரியையும் பிறகு என் பிடரியையும் தொட்டார். அவளை எதிர் அறைக்கு அழைத்துப் போனார்கள்.

அறை சரிந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும். தரை இடப்பக்கமாக இறங்கிப்போக, நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இடது தோளுக்கு அப்பால் ஒன்றுமே இல்லை, வீட்டின் ஒரு பக்கச் சுவரை இடித்துவிட்டாற்போல. வாந்தி வந்தது. இதுதான் இனி என் வாழ்க்கை என்று நினைத்து அழுதேன். மலரை வெறுத்தேன், வாய்விட்டே வெறுத்தேன். கேட்க அங்கே யாரும் இல்லை.

வெகு நேரம் கழித்துப் பசித்தது. தட்டில் எலுமிச்சைச் சாதம் வைத்திருந்தார்கள். தின்றேன். பாதியில் நிறையவில்லை, முழுத் தட்டும் காலியான பிறகே வயிறு நிறைந்தது. இவ்வளவு பசி எனக்கு உண்டு என்பதே எனக்குப் புதிய சேதி. கைத்தடியை ஊன்றி எழுந்து அறையில் மெல்ல நடந்து பார்த்தேன். விழவில்லை. சுவருக்குச் சுவர் நடந்தேன்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். கால் குறுகுறுப்பு போகவில்லை.

மலருடையது மலரோடு போயிருக்க வேண்டும். கணு அணைந்து அரைப் பகல் ஆகிவிட்டது. மிச்சம் ஏதாவது தங்கியிருக்கும், வடிந்துவிடும் என்று உட்கார்ந்து காத்திருந்தேன். வடியவில்லை. அது கூடிக்கொண்டே வந்தது. குதிகால் தரையில் பதிய மறுத்தது. நெஞ்சில் மூச்சு அடைபட்டது. வாசல் நிலைப்படியின் கீழே ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் என் நாக்கு தானாகப் பாட ஆரம்பித்திருந்தது. கபடி கபடி கபடி. மூச்சு விடாமல், மிக மெல்ல.

கல்லூரிக்கு வந்த நாள் முதல் நான் ஒருமுறைகூட நடுக்கோட்டைத் தாண்டிப் பாடப் போனதில்லை. கேட்டதும் இல்லை. கவர் என்றார்கள், கவர் நின்றேன். அம்மிக்கல் என்றார்கள், சிரித்தேன். அந்த ஆசையை நான் பார்க்க மறுத்தபோது அது பக்கத்து உடம்புக்குப் போய், மலரின் கால்களில் இருந்து ஓடியிருக்கிறது. அவள் பாவம், காரணம் தெரியாமல் தவித்து, ஓசூர் என்று ஒரு பெயரைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.  விட்டுப்போகிறாள் என்று இத்தனை நாள் நான் யாரைத் திட்டினேனோ, அவள் நான்தான்.

மாலைச் சங்கு ஊதியதும் எங்களை நடுவர் முன்னால் உட்கார வைத்தார்கள். மலர் நாற்காலியில் வலப்பக்கமாக, என் பக்கமாகச் சாய்ந்தபடி இருந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஆனால் அதில் ஒரு தெளிவு இருந்தது. நடுவர் முதலில் அவளைத்தான் கேட்டார்.

"நீங்க மனுக் கொடுத்தது உங்க சொந்த விருப்பமாம்மா?"

"இல்ல மேடம்," என்றாள் மலர். "அப்படித்தான் நெனச்சேன். இன்னைக்கு உக்காந்து பாத்தா எனக்கு எங்கயும் போகணும்னு இல்ல. காலு சும்மா கெடக்கு. எனக்கு எங்க கார்னரே போதும்." பிறகு என்னைப் பார்த்து, தப்புச் செய்த பிள்ளை மாதிரிச் சிரித்தாள். "மன்னிச்சுக்கட்டி. ஒன்னய ரொம்பப் பயமுறுத்திட்டேன்."

நடுவர் சிரிக்கவில்லை. அவர் பார்வை என் மேல் திரும்பி, சற்று நின்று, விலகியது. மனு தள்ளுபடி என்றார். என்னிடம் கேள்வி இல்லை. மனுக் கொடுத்தவளைத்தான் சட்டம் கேட்கும். இணைப்பைத் திறக்க உதவியாளர் எழுந்து வந்தார். அதற்கு இருவரும் கைகோக்க வேண்டும். மலர் தன் வலக்கையை நீட்டினாள்.

நான் பிடித்திருந்தால் எல்லாம் பழையபடி ஆகியிருக்கும் என்று யாராவது சொல்லலாம். ஆகாது. வாயை மூடலாம், காலை எப்படி மூடுவது? கணு திறந்த மறு மூச்சில் இந்தக் குறுகுறுப்பு அவளுக்குள் இறங்கும். இது யாருடையது என்று இந்த முறை அவளுக்குத் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் அதைவிட மோசம். வாழ்நாள் முழுக்க என் ஆசையை அவள் சுமந்து திரிவாள். ஆனால் பிடிக்காவிட்டால், சுவரைப் பிடித்து நடக்கப்போவது அவள். ராஜத்தின் டம்ளர் என் கண்ணில் வந்தது. இத்தனை நாள் எனக்காகப் பயந்தேன். இப்போது அவளுக்காகப் பயந்தேன், இது அதைவிடக் கொடியதாக இருந்தது.

"திறக்க வேண்டாம் மேடம்," என்றேன்.

"ஏன்?"

"போகணும்னு இருக்கது எனக்கு."

நடுவர் பேனாவை மூடினார். முன்பே இதைப் பார்த்திருக்கிறார் போல. புது மனு எழுதிக் கொடுக்கலாம், சோதனை முடிந்துவிட்டதால் மறுபடி தேவைப்படாது, இரண்டு வாரத்தில் ஓசூருக்குப் போய்விடலாம், அங்கே தயாராக இருக்கும் ஜோடி மலருக்குப் பதில் எனக்குக் கிடைக்கும் என்று வரிசையாகச் சொன்னார். எல்லாம் சட்டப்படி இருந்தது. எனக்குச் சுதந்திரம் இருந்தது.

மலரின் கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீயாட்டி?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். என்னைத் துரோகி என்று சொல்வாள் எனக் காத்திருந்தேன். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்து வாசலை நோக்கி நடக்கப் பார்த்தாள். இரண்டு எட்டு வைப்பதற்குள் வலப்பக்கமாக, நான் எப்போதும் நிற்கிற பக்கமாகச் சரிந்து, மேசை விளிம்பில் மோதித் தரையில் விழுந்தாள்.

தடியை ஊன்றித் தடுமாறிப் போய்த் தூக்கினேன். கையில் அவள் கனம் தெரிந்தது, வேறு ஒன்றும் தெரியவில்லை. அவள் முகம் சுருங்கியிருந்தது, உதட்டைக் கடித்திருந்தாள். எனக்கு எங்கும் வலிக்கவில்லை. மற்றவர்கள் எல்லாரும் கேட்பதுபோல நானும் அவளிடம் வாயைத் திறந்து கேட்க வேண்டியிருந்தது.

"எங்கட்டி வலிக்குது?"

அவள் என் கையை விலக்கிவிட்டு மேசைக் காலைப் பிடித்துக்கொண்டாள்.