பார்வை தங்கிய இடம்

ஐந்தாம் வார்டின் கதவை இந்த ஆண்டில் இரண்டாவது முறையாக மாற்றியிருந்தார்கள். முதல் கதவை நோயாளிகளின் உறவினர்கள் காலால் உதைத்து உடைத்தார்கள். இரண்டாவதை நோயாளியைத் தள்ளிவரும் வண்டியாலேயே இடித்து உடைத்தார்கள். இப்போது இருப்பது இரும்பு. உள்ளே வேலை பார்க்கும் செவிலியர்களின் எலும்பை மட்டும் யாரும் இரும்பாக்கித் தரவில்லை. போன மாதம் ஒருத்திக்குக் காது கிழிந்தது. அதற்கு முந்தைய மாதம் இன்னொருத்தியை முடியைப் பிடித்து மாடிப்படி நெடுக இழுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு பேரும் செய்த குற்றம் ஒன்றுதான். நோயாளியின் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றார்கள்.

நிற்பது எப்படிக் குற்றமாயிற்று என்று கேட்டால் நோக்குத்தொகுப்பியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

‘உயிர்க்கூடம்’ என்பது நாடே பார்க்கும் மருத்துவ ஆவணத் தொடர். அதற்கு இயக்குநர் கிடையாது. ஒவ்வொரு வார்டின் கூரையிலும் நாற்பது படக்கண்கள். அவை எடுப்பதை நோக்குத்தொகுப்பி என்ற இயந்திரம் அப்போதைக்கப்போது வெட்டி ஒட்டி நேரலையாக அனுப்பிவிடும். பார்ப்பவர்களின் திரை விளிம்பில் இருக்கும் விழிமானி, அவர்கள் கண் எங்கே தங்குகிறது என்று இயந்திரத்துக்குச் சொல்லும். கண்கள் தங்கிய இடத்தை இயந்திரம் துலக்கிக் காட்டும். தங்காத இடம் மெல்ல மெல்ல வெளுத்துப் பனியாகிவிடும். பதிவில் சேமிப்பதும் அப்படியே. நாற்பது கண்கள் நாள் முழுக்கப் பார்ப்பதை வைத்துக்கொள்ள எந்தக் கிடங்கிலும் இடம் போதாதல்லவா?

மக்கள் டாக்டர்களைப் பார்த்தார்கள். இரண்டே வருடத்தில் செவிலியர்களின் முகம் பனியாகிவிட்டது. வெள்ளை உடுப்பு ஒன்று தட்டு ஏந்தி நடக்கும், டாக்டரின் நெற்றியைத் துடைக்கும், அவ்வளவுதான். மூச்சு நின்றவனுக்குச் செவிலி மூச்சுப்பையை அமுக்கினால், இயந்திரம் அவளுடைய கைகளைக் காட்டி, அடுத்த நொடியே டாக்டரின் முகத்தைக் காட்டும். பார்ப்பவன் இரண்டையும் சேர்த்துக்கொள்வான். பொய் சொல்லும்படி யாரும் இயந்திரத்துக்குக் கட்டளையிடவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். யார் சட்டையைப் பிடிப்பது?

மூச்சை எண்ணும் செவிலிக்கு ஒரு பழக்கம் உண்டு. நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, முழுசாக ஒரு நிமிடம் நோயாளியின் நெஞ்சையும் வயிற்றையும் பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்பாள். எண்ணுவதை அவனிடம் சொல்ல மாட்டாள். சொன்னால் அவன் மூச்சை மாற்றிவிடுவான். திரையில் இது எப்படித் தெரியும்? சாகக் கிடப்பவன் பக்கத்தில் முகமில்லாத ஒருத்தி சும்மா நிற்கிறாள். காத்திருப்புக் கூடத்தில் சுவர் அளவுக்குத் திரை வைத்து உறவினர்களுக்கு இதைக் காட்டினால் கதவு உடையாமல் என்ன செய்யும்?

காது கிழிந்த மறுநாள் மேற்பார்வையாளர் ஒரு கட்டளை போட்டார். யாரும் நிற்கக் கூடாது, நடந்துகொண்டே இருக்க வேண்டும். செவிலியர்கள் நடந்தார்கள். மடித்த விரிப்பைப் பிரித்து மறுபடியும் மடித்தார்கள். மூச்சு எண்ணிக்கைக் கட்டத்தில் எல்லா நோயாளிக்கும் எண்ணாமலே பதினெட்டு என்று எழுதினார்கள். பியூலாவும் எழுதினாள். எழுதும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

சொரிமுத்துவைக் கொண்டுவந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வாழைத்தோட்டக் கொட்டகையில் தரையில் படுத்திருந்தவனைக் கட்டுவிரியன் கடித்திருந்தது. முப்பது வயது. விஷமுறிவு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. ஆனாலும் இமை இரண்டும் தொங்கிவிட்டன. கட்டுவிரியன் விஷம் தசைகளை ஒவ்வொன்றாகத் தூங்கவைக்கும், கடைசியில் மூச்சுத் தசையிடம் வரும். மருந்து ஏறினாலும் சில பேருக்கு அது நிற்பதில்லை.

“ஒரே மூச்சுல எத்தன வரைக்கும் எண்ண முடியுதுன்னு பாப்போம். எண்ணுங்கண்ணே” என்றாள் பியூலா.

எட்டு மணிக்கு இருபத்திரண்டு வரை எண்ணினான். ஒன்பதரைக்குப் பதிமூன்று. பதினொன்றுக்கு உதடு மட்டும் அசைந்தது, குரல் வரவில்லை. தலைமாட்டுத் திரை, ரத்தத்தில் பிராணவாயு தொண்ணூற்றெட்டு என்று பச்சையில் காட்டிக்கொண்டிருந்தது. பிராணவாயு ஓடும்போது அந்த எண் கடைசி நிமிடம் வரை அழகாகத்தான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். மூச்சைக் கண்ணால் எண்ணியே ஆக வேண்டும்.

பியூலா இரும்புக் கதவை ஒருமுறை பார்த்தாள். பிறகு சொரிமுத்துவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காத்திருப்புக் கூடத்தில் சொரிமுத்துவின் அண்ணன் இசக்கிப்பாண்டி எழுந்தான். அவனோடு ஊரிலிருந்து வந்த பத்துப் பதினைந்து பேரும் எழுந்தார்கள்.

“பாத்தியாம்மா அவள? மரம் மாதிரி நிக்கா!” என்றான், தம்பியின் மனைவி முப்பிடாதியிடம்.

முப்பிடாதி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “டாக்டரு எங்க அத்தான்? டாக்டரையே காணுமே!”

ஒரு நிமிடம் முடிந்தது. மூச்சு எட்டு. அதுவும் வயிறு மட்டும் ஏறியது, நெஞ்சு உள்ளே இழுத்தது. பியூலா காதுபேசியைத் தட்டினாள். “சார், கட்டுவிரியன் கேஸ். மூச்சு எட்டு, நெஞ்சு ஏறல. உடனே குழா போடணும்.” எதிர்க் கட்டடத்தில் அறுவை அறையில் இருந்த டாக்டர் நவநீதன், “நாலு நிமிஷம், பையை அமுக்கிக்கிட்டே இருங்க சிஸ்டர்” என்றார்.

அவள் மூச்சுப்பையின் முகமூடியைச் சொரிமுத்துவின் வாய்மேலும் மூக்குமேலும் வைத்து அழுத்திப் பிடித்தாள். மறுகையால் பையை அமுக்கத் தொடங்கினாள்.

திரையில் அது எப்படித் தெரிந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். பையை அமுக்குவது டாக்டர் செய்யும் வேலை என்று அப்போது பார்த்துக்கொண்டிருந்த ஆறு லட்சம் பேருக்கும் தெரியும், ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார்கள். வெட்டி ஒட்ட அங்கே டாக்டர் முகம் இல்லை. பனியால் செய்த ஓர் உருவம் ஒரு நிமிடம் சும்மா நின்றது. பிறகு குனிந்து ஒரு மனிதனின் முகத்தை அமுக்கியது.

“யய்யோ! அமுக்குதா! அவர் மூஞ்சிய அமுக்குதா!” என்று முப்பிடாதி அலறினாள்.

இசக்கிப்பாண்டி காவலாளியின் கழுத்தைப் பிடித்து இரும்புக் கதவில் இரண்டு தடவை மோதினான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. இன்னொருவன் அந்த ஆளின் கையை முறுக்கி, கட்டைவிரலைக் கைரேகைப் பூட்டில் வைத்து அழுத்தினான். கதவு திறந்தது. வார்டில் இருந்த மற்றச் செவிலி ஒரு கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். பியூலா நகரவில்லை. நகர்ந்தால் பை நின்றுவிடும்.

“கிட்ட வராதீங்க! நான் கைய எடுத்தா அவரு செத்துருவாரு!”

“ஏட்டி, எந்தம்பிய எம் முன்னாலயே கொல்லப் பாக்கியா?”

பின்னலைப் பிடித்து ஒரே இழுப்பு. முகமூடி தெறித்தது, பை உருண்டு கட்டிலுக்கடியில் போனது. அவள் தரையில் விழுந்து, முழங்காலில் எழுந்து, மறுபடியும் கட்டிலைப் பார்த்துத் தவழ்ந்தாள். இசக்கிப்பாண்டி மருந்துப் புட்டி தொங்கும் கம்பியைப் பிடுங்கி அவளுடைய வலது மணிக்கட்டில் ஓங்கி அடித்தான். எலும்பு உடைந்த சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. மற்றவர்கள் உதைத்தார்கள். விலாவில், இடுப்பில், வாயில். அவள் கத்திக்கொண்டே இருந்தாள். சொற்கள் ரத்தத்தில் குழறின.

ஆறு லட்சம் பேரும் அவளைப் பார்த்தார்கள். ஆறு ஏழாயிற்று, ஏழு பதினொன்றாயிற்று. இயந்திரம் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. பனி விலகியது. முதலில் நெற்றி, பிறகு புருவம், கிழிந்த உதடு, இடது கன்னத்தில் ஒரு சிறிய மச்சம். பதினான்கு வருடம் அந்த வார்டில் வேலை பார்த்த பியூலாவுக்கு அன்றுதான் முகம் கிடைத்தது. கூடத்தில் முப்பிடாதி திரையின் முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். “விடாதீங்க அத்தான்! அவள விடாதீங்க!”

டாக்டர் நவநீதன் ஓடிவந்தபோது பியூலாவை மாடிப்படி வரை இழுத்துப் போயிருந்தார்கள். நேயர்களின் கண்ணும் கூடவே போனது. டாக்டர் சொரிமுத்துவின் தொண்டையில் குழாயைச் செருகி நாற்பது நிமிடம் போராடியதை யாரும் பார்க்கவில்லை. பலனும் இல்லை.

பத்து நாள் கழித்து முப்பிடாதி தொலைக்காட்சி நிலையத்தின் பதிவகத்துக்கு வந்தாள். இசக்கிப்பாண்டி சிறையில் இருந்தான். செவிலிதான் முகத்தை அமுக்கிக் கொன்றாள் என்று நிரூபிக்கலாம், பதிவின் பிரதி வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அவளுக்கு வேறொரு காரணமும் இருந்தது. புருஷனின் கடைசி மூச்சை அவள் பார்க்கவில்லை. ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

பதிவக ஊழியர் நாற்காலியை இழுத்துப் போட்டு, பதிவை ஓட்டினார். கம்பியைப் பிடித்த இசக்கிப்பாண்டியின் கை தெரிந்தது. விரல் மோதிரத்தின் கல்கூடத் தெளிவாகத் தெரிந்தது. பின்னால், கட்டில் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு மேகம்.

“இது என்னது சார்? அவர எங்க?”

“அதுதாம்மா கட்டில். யாரும் பாக்காத இடத்த இயந்திரம் வைக்காது.”

“பதினோரு லட்சம் பேரு பாத்தாங்கன்னு பேப்பர்லயே போட்டிருந்தானே!”

“கட்டில யாரும் பாக்கலம்மா.”

“நான் பாத்தேனே சார். நான் பொண்டாட்டி. கண்ண எடுக்காமப் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்.”

கூடத்துத் திரையின் விழிமானிக் கணக்கு ஊழியரிடம் இருந்தது. அதை அவளிடம் காட்ட மனம் வரவில்லை. காட்டத் தேவையும் இருக்கவில்லை. அவளே தலையைக் குனிந்துகொண்டாள்.

“சத்தமாவது இருக்குமா? அவரு ஏதாச்சும் சொன்னாரா?”

ஊழியர் ஒலியைக் கூட்டினார். சொரிமுத்துவின் குரல் இல்லை. ரத்தத்தில் குழறிய ஒரு பெண் குரல் மட்டும் கேட்டது. “பையை அமுக்குங்க... என்னைய அப்புறம் அடிங்க... யாராவது ஒராளு பையை அமுக்குங்க...”

முப்பிடாதி திரைக்கு மிக அருகில் போனாள். கம்பி இறங்கிய நேரத்திலும், வாயில் உதை விழுந்த நேரத்திலும், முடியைப் பிடித்து வாசல் வரை இழுத்த நேரத்திலும் அந்தச் செவிலி அடித்தவர்களை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அவளுடைய கண்கள் அந்த வெள்ளை மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

“இந்தப் பிள்ள பாத்திருக்கே சார்” என்றாள் முப்பிடாதி. “இது பாத்தத எடுத்துக் குடுங்க.”

“அவங்க முன்னால திரை இல்லையேம்மா” என்றார் அவர். “அந்தப் பார்வைய இயந்திரம் எண்ணாது.”