பங்க்சர் தொட்டியில் வளர்ந்த புல்

பட்டாணியின் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். கடை வாசலில் ஓர் அகலமான தகரத் தொட்டி இருக்கும். டியூபில் காற்றடித்து அந்தத் தண்ணீரில் முக்கினால், ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். அந்தத் தொட்டிதான் இப்போது வீட்டில் பெரிய வழக்காகிவிட்டது.

"புல்லு வளர்க்க என் தொட்டிதான் கிடைச்சுதா?" என்றார் அப்பா.

"நாத்துத் தட்டு அதுல மட்டும்தான்ப்பா உக்காருது. அம்மாவோட அண்டா வட்டமா இருக்கு. பக்கெட்டுல பாதிகூட இறங்கல."

பட்டாணிக்கு வயது பத்து. வகுப்பிலேயே குள்ளமானவள் என்பதால் அந்தப் பெயர். பள்ளிக்குப் பின்னால் ஒரு குளம் இருந்தது. போன மழையில் அதன் கரை சரிந்து, பிள்ளைகள் நடக்கும் பாதையில் பாதி தண்ணீருக்குள் போய்விட்டது. அந்தக் குளத்தில் காலங்காலமாக வளரும் புல்லையே கரையில் நட்டால், அதன் வேர் மண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்றார் டீச்சர். ஆளுக்கு ஒரு தட்டு, தட்டுக்கு இருபது நாற்று. ஆறு வாரம் வீட்டில் வளர்க்க வேண்டும். தட்டின் அடி தண்ணீரில் நிற்க வேண்டும்.

"நல்லா வளர்ற பத்துத் தட்டு கரையோட விளிம்புக்குப் போகும். மத்ததெல்லாம் பின் வரிசை" என்றும் சொல்லியிருந்தார்.

பட்டாணிக்கு விளிம்புதான் வேண்டும். சரிகிற மண்ணைத் தன் புல் பிடித்து நிறுத்த வேண்டும். வேறு எதுவும் அவள் தலையில் ஏறவில்லை.

கடைசியில் அப்பா இறங்கி வந்தார். "பகல்ல தொட்டி எனக்கு. சாயந்திரம் கடை மூடினதும் உன் புல்லுக்கு. சம்மதமா?"

சம்மதிக்காமல் என்ன செய்வது? தினமும் காலையில் தட்டைத் தூக்கிப் பழைய டயர் மேல் வைத்தாள். மாலையில் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி, தட்டை உள்ளே வைத்தாள்.

"இருபது வருஷத்துல இந்தத் தொட்டி இவ்வளவு குளிச்சதே இல்ல" என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமைதோறும் தட்டுகளைப் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லி டீச்சர் எல்லா நாற்றையும் அளப்பார். வகுப்பிலேயே உயரமானவன் நெட்டை. அவன் புல் இரண்டு சாண் வளர்ந்திருந்தது. பட்டாணியின் புல் ஒரு சாணைத் தொடவே திணறியது.

"உன் புல்லும் உன்னை மாதிரியேதான்" என்றான் நெட்டை. வகுப்பே சிரித்தது. பட்டாணியும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்குப் போகும் வழியில்தான் கொஞ்சம் அழுதாள்.

அழுது முடித்ததும் குளக்கரைக்குப் போனாள். எதிர்க்கரையில் அதே புல் ஒரு புதராகத் தானே வளர்ந்து நின்றது. காலையில் பார்த்தபோது அது வெறும் சேற்றில் நின்றது. இப்போதோ அதன் பாதி உயரத்துக்குத் தண்ணீர். காலையில் தோட்டங்களுக்கு மடை திறப்பார்கள், குளம் இறங்கும். மாலைக்குள் வாய்க்கால் தண்ணீர் வந்து நிரப்பிவிடும்.

"அட, இதுவும் எங்க வீட்டுப் புல்லு மாதிரி முறை வெச்சுல்ல குடிக்குது" என்றாள் பட்டாணி. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

நடும் நாள் வந்தது. டீச்சர் உயரமான பத்துத் தட்டுகளை எடுத்து விளிம்பில் வைத்தார். பட்டாணியின் தட்டு பின்னால் போனது. அவள் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், விளிம்புல தினமும் தண்ணி ஏறி இறங்குது. எல்லாத் தட்டுலேருந்தும் ஒவ்வொரு நாத்து மட்டும் நட்டு, ஒரு வாரம் பாக்கலாமா? ஆழம் தெரியாம காலை விடுவானேன்?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன்னோடது விழுந்துட்டா?"

"பின் வரிசைக்கே போயிடறேன் டீச்சர். வாயே திறக்க மாட்டேன்."

"அது மட்டும் நடக்காது" என்றான் நெட்டை.

ஒரு வாரம் கழித்து வகுப்பு முழுவதும் தட்டுகளோடு கரையில் கூடியது. முப்பது நாற்றில் இருபத்தெட்டு சேற்றில் படுத்துக் கிடந்தன. ஒன்று விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஒன்றே ஒன்று நிமிர்ந்து நின்றது. அதன் காலடியில் புதுக் குருத்துகூட விட்டிருந்தது.

"இது யாரோடது?" என்று கேட்டார் டீச்சர். கேட்கத் தேவையே இல்லை. பட்டாணியின் முகம்தான் விளக்குப் போட்டது போல இருந்ததே.

தொட்டிக் கதையை அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்துத் திரும்பினால், நெட்டை தன் தட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றான்.

"என்னோட தட்டு மட்டும் கரைக்குப் பத்தாது டீச்சர்" என்றாள் பட்டாணி. "எல்லாருமே ரெண்டு வாரம் பகல்ல வெளியில, ராத்திரி தண்ணியில வெச்சுப் பழக்கலாம். மழைக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கே. நெட்டை, உன்னோடதை நாளைக்குக் கடைக்கு எடுத்துட்டு வா. எப்படி வைக்கணும்னு காட்டறேன்."

"எங்க அண்ணன் சைக்கிள்ல பங்க்சரும் இருக்கு" என்றான் நெட்டை, தலையைத் தூக்கி.

இரண்டு வாரத்தில் எல்லாத் தட்டுகளும் தண்டு தடித்துத் தயாராகின. நட்ட அன்று அப்பா கடையைச் சாத்திவிட்டுக் குளத்துக்கு வந்தார். "எங்க தொட்டியில வளர்ந்ததுங்க" என்று தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கரை ஆக மோசமாகச் சரிந்திருந்த இடத்தைக் காட்டி, "முதல் நாத்து இங்க. நீ வா" என்று டீச்சர் பட்டாணியைக் கூப்பிட்டார். அவள் முழங்கால் வரை சேற்றில் இறங்கி, இரண்டு கையாலும் மண்ணை அழுத்தி நட்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் மூன்று தெருக்குழாய்கள் இருந்தன. பட்டாணி ஒன்றில்கூடக் காலைக் கழுவவில்லை.